பனிமலைக்குக் கயிற்றுத் துணை தேடுவது எப்படி

'கிளைம்பிங் பார்ட்னர்' என்பதைத் தமிழில் பங்காளி என்று சொன்னால் சொத்துத் தகராறுதான் ஞாபகம் வரும். அதனால் நான் கயிற்றுத் துணை என்றே சொல்லிப் பழகிவிட்டேன்.

முப்பத்து நாலு வயதில்தான் பனிமலை ஏறத் தொடங்கினேன். முதல் மூன்று வருடம் நான் தேடியதெல்லாம் என்னைவிடப் பலசாலியான ஆளை. அப்படி ஒருவர் கிடைத்தார். பயிற்சிச் சுவரில் அவர் ஏறுவதைப் பார்க்கப் பத்துப் பேர் கூடுவார்கள். பனியாற்றில் அவரோடு ஒரே கயிற்றில் நடந்தபோது திரும்பிப் பார்த்தேன். எங்களுக்கு நடுவே ஏறக்குறைய விறைப்பாக இருக்க வேண்டிய கயிறு, அவர் காலடியில் மூன்று சுற்றாகக் கிடந்தது. அவர் போட்டோ எடுத்துக்கொண்டிருந்தார். நான் ஒரு பனிப்பிளவில் விழுந்தால் அந்த மூன்று சுற்றும் தீரும்வரை விழுந்துகொண்டே இருப்பேன், அதற்குப் பிறகுதான் அவருக்கு இழுப்பே தெரியும். சொன்னேன். சிரித்தார். அதற்குப் பிறகு அவரோடு நான் கயிறு கட்டவில்லை.

ஆளைத் தேடுவதற்கு முன்னால் உங்களைப் பற்றி நாலு வரி எழுதி வையுங்கள். "அனுபவம் உண்டு, ஆர்வம் அதிகம்" என்று எழுதினால் யாருக்கும் எதுவும் புரியாது. நான் எழுதியது இது: "எஃப், பி.டி. (ஆல்ப்ஸ் தர அளவில் எளிதான முதல் இரண்டு படிகள்) தரத்தில் நாலு ஏற்றம். ஒன்றில்கூட முன்னால் போனதில்லை. பனிப்பிளவு மீட்புப் பயிற்சி ஒரே ஒரு தடவை, போன வருடம். பையோடு மணிக்கு 300 மீட்டர் உயரம் ஏறுவேன். உச்சி தொடாமல் திரும்புவதில் வருத்தமில்லை." வந்தது மூன்றே பதில். மூன்றும் உருப்படியானவை.

எங்கே தேடுவது என்பதற்குப் பழைய பதிலே நல்ல பதில்: மலையேற்றச் சங்கங்கள். 1857-ல் லண்டனில் ஆல்பைன் கிளப் தொடங்கியது, 1863-ல் சுவிஸ் ஆல்பைன் கிளப். ஆனால் என் அனுபவத்தில் அதைவிட நல்ல இடம் பயிற்சி முகாம். ஐந்து நாள் கூடவே இருந்து ஒருவர் முடிச்சுப் போடுவதையும், பசியில் எரிந்து விழுவதையும் பார்த்துவிடுகிறீர்கள். இதை எந்த நேர்காணலும் காட்டாது. பயிற்சிச் சுவரில் கிடைக்கும் ஆள் கயிறு பிடிப்பாரா என்பது மட்டும்தான் அங்கே தெரியும்.

அடுத்தவர் சொல்லைக் கேட்டு ஆளைச் சேர்ப்பதில் உள்ள ஆபத்துக்கு 1865-ஐவிடப் பெரிய சாட்சி வேண்டாம். ஆல்ப்ஸ் மலையின் மேட்டர்ஹார்ன் சிகரத்தில் முதன்முதலில் ஏறிய எட்வர்ட் விம்பரின் குழு, அடிவார ஊரான செர்மாட்டில் அவசர அவசரமாகக் கூடிய குழு. ஹேடோ என்ற பத்தொன்பது வயது இளைஞன் இதற்குத் தாங்குவானா என்று விம்பர் கேட்டிருக்கிறார். பெரும்பாலானவர்களைவிடக் குறைந்த நேரத்தில் மான்ட் பிளாங்க் ஏறியவன் என்றார் குழுவில் இருந்த ஹட்சன். கேள்வி சரி, பதில்தான் வேறு எதற்கோ. ஜூலை 14-ஆம் தேதி உச்சி தொட்டு இறங்கும்போது, கோடரியைக் கீழே வைத்துவிட்டு ஹேடோவின் பாதங்களை ஒவ்வொன்றாகப் பிடித்து வைத்துக்கொண்டிருந்தார் வழிகாட்டி குரோஸ். ஹேடோ வழுக்கினான், குரோஸை இடித்துத் தள்ளினான். அவர்களோடு ஹட்சனும் டக்ளஸ் பிரபுவும் இழுபட்டார்கள். டக்ளஸுக்கும் மேலே இருந்த வழிகாட்டி டாக்வால்டருக்கும் நடுவில் கயிறு அறுந்தது. ஏறியவர் ஏழு பேர், உயிரோடு இறங்கியவர் மூன்று பேர்.

அதனால் நேரத்தையும் தரத்தையும் விசாரிப்பதோடு நான் இன்னொன்றும் கேட்பேன்: "கடைசியா எப்போ பாதியில திரும்பினீங்க, ஏன்?" வானிலை, நேரம், மனசு சரியில்லை, கூட வந்தவருக்குத் தலைவலி என்று எதைச் சொன்னாலும் எனக்குச் சம்மதம். "நான் திரும்பினதே இல்லை" என்பவர் ஒன்று புதியவர், இல்லையென்றால் அதிர்ஷ்டக்காரர். அந்த அதிர்ஷ்டத்தில் எனக்குப் பங்கு வேண்டாம்.

பேச்சு சரியாக இருந்தாலும் முதல் நாளே மலை வேண்டாம். கனமான பையோடு ஒரு நீண்ட நடை போங்கள். களைத்தால் வாய்விட்டுச் சொல்கிறாரா, வழி தப்பினால் யார்மேல் பழி போடுகிறார் என்று பாருங்கள். பிறகு பாறையில் ஒரு நாள். "உங்க முடிச்சைக் காட்டுங்க" என்று கேளுங்கள். இடுப்புப் பட்டையின் பக்கிள், காரபைனர் என்ற கொக்கி வளையத்தின் பூட்டு, கயிற்றைப் பிடித்து நிறுத்தும் பிலே கருவி என்று அவர் உங்களுடையதையும் திருப்பிப் பார்த்தால் நல்ல ஆள். முகம் சுளித்தால் தேநீர் குடித்துவிட்டு நல்லபடியாகப் பிரிந்துவிடலாம்.

அடுத்தது பனிப்பிளவு மீட்பு. இதில் அவசரம் கூடாது. கயிற்றில் இரண்டே பேர் என்றால், ஒருவர் விழுந்ததும் மேலே இருப்பவர் அவர் பாரத்தைத் தாங்கியபடியே பனியில் ஆங்கர் என்ற உறுதியான பிடிமானத்தைத் தோண்டி அமைத்து, பாரத்தை அதற்கு மாற்றி, பிறகு கப்பி அமைப்பைக் கட்டி இழுக்க வேண்டும். அதனால்தான் இருவர் கயிற்றில் இடைவெளியைக் கூட்டி, நடுவே முடிச்சுகள் போடுகிறோம். பிளவின் விளிம்புப் பனியில் அந்த முடிச்சு சிக்கினால் மேலே இருப்பவருக்குப் பாரம் குறையும். படித்தால் சுலபம். விளிம்பில்லாத சாதாரணப் பனிச்சரிவில், கீழே ஒரு மூட்டையைத் தொங்கவிட்டு, இப்போதைய என் துணையோடு முதல் தடவை செய்தபோது ஐம்பது நிமிடம் ஆனது. ஈரக் கையுறையோடு புரூசிக் (கயிற்றை இறுக்கிப் பிடிக்கும் சுற்று முடிச்சு) சுற்றவே எனக்கு வரவில்லை. கழற்றினேன், விரல் மரத்தது, மறுபடி போட்டேன். அவள் குறுக்கே பேசவில்லை, கடிகாரத்தையும் காட்டவில்லை. "இன்னொரு தடவை?" என்று மட்டும் கேட்டாள். அந்த இடத்தில்தான் நான் முடிவு செய்தேன்.

பணம், காப்பீடு, திரும்பும் நேரம் மூன்றையும் முதல் நாள் மாலையே பேசி முடியுங்கள். பத்து மணி என்றால் பத்து மணிதான், உச்சி கண்ணெதிரே தெரிந்தாலும்.

குருவைத் தேடுவது வேறு கதை. "எனக்குக் குருவாக இருங்கள்" என்று கேட்டால் யாரும் ஓடத்தான் பார்ப்பார்கள். அது முடிவில்லாத கடன். அதற்குப் பதிலாகப் பத்து நிமிடத்தில் பதில் சொல்லக்கூடிய ஒரு கேள்வியோடு போங்கள். கயிறு சுமக்கவும் தயாராக இருங்கள். எனக்குக் கற்றுக்கொடுத்தவர் அறுபதைத் தாண்டிய பெண்மணி. ஒரு சீசன் முழுக்க அவர் கயிற்றைச் சுமந்தேன். பிறகு ஒரு நாள், பனி மூடிய கணவாயில் நின்று, "நான் இங்க இல்லைன்னு வெச்சுக்கோ. இப்ப என்ன பண்ணுவ?" என்றார். அதுவரை அவர் முதுகைத்தான் நான் பார்த்துக்கொண்டு வந்திருந்தேன். வரைபடம் பையிலிருந்து வெளியே வந்ததே அன்றைக்குத்தான். பெரியவர் கூட இருக்கிறார் என்று நம் மூளை தூங்கிவிடும். பனி சரிந்து விழும் (அவலாஞ்ச்) விபத்துகளை ஆராய்ந்த இயன் மெக்கேமனும் இதை ஒரு பொறியாகவே குறித்திருக்கிறார்.

யாருமே கிடைக்கவில்லையா? சர்வதேச மலை வழிகாட்டிகள் கூட்டமைப்பின் சான்று பெற்ற வழிகாட்டியை ஒரு வாரம் அமர்த்துங்கள். "உச்சிக்குக் கூட்டிப்போங்கள்" என்று சொல்லாமல், "என்னை முன்னால் விட்டுத் திருத்துங்கள்" என்று முதலிலேயே சொல்லிவிட வேண்டும். இரண்டுக்கும் ஒரே கட்டணம்தான் ஆகலாம், கிடைப்பது வேறு.

கடைசியாக ஒரு பழக்கம். இறங்கி வந்ததும், பூட்ஸ் கழற்றும் முன்பு, இருவரும் ஆளுக்கொரு குறை சொல்ல வேண்டும். என் துணை முதல் நாள் சொன்னது: "நீங்க கிராம்பான் மாட்ட பதினெட்டு நிமிஷம் எடுத்தீங்க, நான் குளிர்ல நின்னேன்." கிராம்பான் என்பது பனியில் வழுக்காமலிருக்க பூட்ஸுக்கு அடியில் மாட்டும் இரும்பு முள் சட்டம். வீட்டில் விளக்கை அணைத்துவிட்டு, கையுறையோடு மாட்டிப் பழகினேன். இப்போது நாலு நிமிடம். இடது கால் பட்டைதான் இன்னும் சண்டித்தனம் செய்கிறது.