திட்டினால்தான் வேலை ஓடும் என்று நினைத்திருந்தேன்

முப்பது வயதுக்கு மேல் தனக்கு ஏடிஹெச்டி (கவனத்தையும் உந்துதலையும் கட்டுப்படுத்துவது சிரமமாகிற மூளை வளர்ச்சிக் கோளாறு) என்று தெரிந்துகொண்ட நண்பர் ஒருவர், இனிமேல் என்னை நானே திட்டிக்கொள்ளப் போவதில்லை என்று அறிவித்தார். நான்காவது நாள் விசாரித்தால், "அதைக்கூட ஒழுங்கா செய்ய முடியல, நானெல்லாம் எதுக்குத்தான் லாயக்கு" என்கிறார். சிரித்துவிட்டேன், பத்து வருடத்துக்கு முன்னால் எனக்கும் இதே வசனம்தான். தன்னிடம் கனிவாகப் பேசும் இந்தப் பழக்கத்துக்குப் புதிதாக வருகிறவர்கள் நான் விழுந்த குழிகளிலேயே வரிசையாக விழுவதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை. கடுஞ்சொல் வேண்டாம், அடுத்தவரோடு ஒப்பிட வேண்டாம் என்பதெல்லாம் உங்களுக்கே தெரியும், அதை விட்டுவிடுகிறேன்.

சாட்டை இல்லாமல் பம்பரம் சுற்றாது என்று நம்புவது

இதில்தான் எனக்கு இன்னும் எரிச்சல் அடங்கவில்லை, அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

திட்டு பலன் தரும். சிக்கலே அதுதான். ஒரு வேலை முக்கியம் என்று தெரிந்தால் மட்டும் ஏடிஹெச்டி மூளை கிளம்பிவிடாது. சுவாரசியமோ புதுமையோ அவசரமோ ஏதாவது ஒன்று வேண்டும். மூன்றும் இல்லாத வேலைக்கு நாமே அவசரத்தைத் தயாரித்துக்கொள்கிறோம்: "இன்னிக்கு முடிக்கலைன்னா நீ ஒழிஞ்சே." பயத்தில் உடம்பு விழித்துக்கொள்கிறது, ராத்திரி இரண்டு மணிக்கு வேலை முடிகிறது, பார்த்தாயா திட்டினால்தான் நடக்கிறது என்று மனசு வரவு எழுதிவிடுகிறது. செலவுப் பக்கத்தை யாரும் புரட்டுவதில்லை. நேற்றுப் போதுமாக இருந்த திட்டு இன்று உறைக்காது, இன்னும் கொடூரமாக ஒன்று வேண்டும். அதைவிட மோசம், திட்டு போய் அந்த வேலையோடு ஒட்டிக்கொள்ளும். அப்புறம் அந்த ஃபைலைத் திறந்தாலே காதில் திட்டு விழும், அதனால் திறக்கவே மாட்டோம்.

எனக்கு அது ஒரு மெயிலில் நடந்தது. ஆசைப்பட்ட வேலை ஒன்றுக்கு அழைத்திருந்தார்கள், எந்தத் தேதி வசதி என்று மட்டும் கேட்டிருந்தார்கள். பதில் இரண்டு வரி. முதல் நாள் மறந்தேன். ஒரு விஷயத்தை மனதில் பிடித்துக்கொண்டே இன்னொன்றைச் செய்கிற செயல்நினைவு நம்மில் பலருக்குப் பலவீனம், அது நடக்கும். மூன்றாம் நாள் ஞாபகம் வந்தது. அப்போதே அனுப்பியிருக்கலாம், ஒன்றும் ஆகியிருக்காது. நானோ அரை மணி நேரம் என்னை வறுத்தெடுத்துவிட்டு, இந்தத் தாமதத்துக்கு ஈடாகப் பிரமாதமான பதில் எழுதியாக வேண்டும் என்று முடிவு செய்தேன். பிரமாதமாக வரவில்லை, மூடி வைத்தேன். நாள் கூடக்கூடக் கேட்க வேண்டிய மன்னிப்பும் நீண்டது, மன்னிப்பு நீள நீள இன்பாக்ஸ் பக்கமே போகவில்லை. பத்தொன்பதாம் நாள் அனுப்பினேன். எழுத நான்கு நிமிடம் ஆனது. வேலை வேறு ஒருவருக்குப் போயிருந்தது. அதில் மறதியின் பங்கு மூன்று நாள். மிச்சம் பதினாறும் திட்டின் பங்கு. அந்த நான்கு நிமிடத்தை நினைத்தால் இப்போதும் பல்லைக் கடிக்கிறேன்.

கனடாவின் கார்ல்டன் பல்கலைக்கழகத்தில் முதலாண்டு மாணவர்களிடம் செய்த ஆய்வு ஒன்று 2010ல் வெளியானது. முதல் தேர்வுக்குப் படிக்காமல் தள்ளிப்போட்டதற்குத் தங்களை மன்னித்துக்கொண்டவர்கள், அடுத்த தேர்வின்போது குறைவாகத் தள்ளிப்போட்டார்கள். ஏடிஹெச்டிக்காரர்களை மட்டும் வைத்துச் செய்த ஆய்வு இல்லைதான், ஆனாலும் என் பதினாறு நாளுக்கு அது அப்படியே பொருந்துகிறது.

இப்போது திட்டு கிளம்பினால் நான் கேட்பது: "சரி, எங்க நிக்கிறோம்? அடுத்து கை எதைத் தொடணும்?" மெயிலைத் திற, அவ்வளவுதான். அவசரம் இல்லாமல் நகரவே முடியாது என்றால் டைமர் வையுங்கள், இல்லையா யாரையாவது கூட உட்காரச் சொல்லுங்கள். அதற்குத் திட்டு எதற்கு?

நம்பாததைச் சொல்லிக்கொள்வது

கண்ணாடி முன் நின்று "நான் அற்புதமான பிறவி" என்பது. உளவியலாளர் ஜோவான் வுட் குழுவினர் 2009ல் வெளியிட்ட ஆய்வில், தன்மதிப்பு குறைந்தவர்கள் "நான் நேசிக்கத்தக்க மனிதர்" என்று திரும்பத் திரும்பச் சொன்னபோது, சொல்லாதவர்களைவிட அதிகமாகச் சோர்ந்துபோனார்கள். எனக்கு ஆச்சரியமே இல்லை. நான் ஒழுங்கானவன் என்று ஆரம்பித்தாலே, தொலைத்த சாவிகளின் பட்டியலோடு மனசு வாதாட வந்துவிடும். மறுக்க முடியாததைச் சொல்லுங்கள்: "சாவியைக் காணோம். போன தடவையும் காணோம், அப்புறம் கிடைச்சுது."

கோளாறைக் குணக்கேடு ஆக்குவது

1902ல் லண்டனில் ஜார்ஜ் ஸ்டில் என்ற குழந்தை மருத்துவர், அறிவில் குறையில்லாத, ஆனால் தன்னைக் கட்டுப்படுத்திக்கொள்ள முடியாத குழந்தைகளைப் பற்றி உரையாற்றியபோது, அதை ஒழுக்கக் கட்டுப்பாட்டில் உள்ள குறை என்றார். மருத்துவம் அந்தப் பேச்சை எப்போதோ கைவிட்டுவிட்டது, நாம்தான் சோம்பேறி, பொறுப்பில்லை என்று அதே தீர்ப்பைத் தினமும் படித்துக்கொண்டிருக்கிறோம். மனநலக் கோளாறுகளைக் கண்டறிய மருத்துவர்கள் பயன்படுத்தும், 2013ல் வந்த டிஎஸ்எம்-5 கையேட்டின்படி, ஏடிஹெச்டி என்றால் 12 வயதுக்கு முன்பே சில அறிகுறிகளாவது இருந்திருக்க வேண்டும். அப்படியென்றால் திட்டுகளும் அப்போதிலிருந்தே சேர்ந்துகொண்டிருக்கின்றன. நாலு நாளில் கரையாது.

"பரவாயில்லை" என்று சொல்லிவிட்டு நழுவுவது

ஒரு மணி நேரம் காத்திருந்தவருக்கு அது பரவாயில்லை ஆகாது. உங்களை மன்னித்த கையோடு அவரிடமும் மன்னிப்பு கேட்டுவிடுங்கள்.

ராத்திரியில் விசாரணை வைப்பது

வேண்டாம். தூங்குங்கள்.

கனிவுக்கு மார்க் போடுவது

நண்பர் செய்தது இதுதான்.

"நீ" என்றே பேசிக்கொள்வது

உளவியலாளர் ஈதன் கிராஸ் குழுவினர் 2014ல் வெளியிட்ட ஆய்வுகளில், "நான்" என்பதை விட்டுவிட்டுத் தங்கள் பெயரையோ "நீ" என்பதையோ சொல்லிப் பேசிக்கொண்டவர்கள் பதற்றமான நேரத்தை மேலாகச் சமாளித்தார்கள். நானும் முயன்றேன். ஆனால் சின்ன வயதில் வாங்கிய திட்டெல்லாம் "நீ" என்றுதான் ஆரம்பித்தது, அதனால் "நீ" என்றதுமே தோள் தானாகச் சுருங்குகிறது. "நீங்க" போட்டுப் பார்த்தேன், என்னையே நேர்காணல் செய்வதுபோல் இருந்தது. கடைசியில் நிலைத்தது "நாம". "நாம மறந்துட்டோம். இப்போ போன் பண்ணிடலாமா?" என்றால் அதில் திட்டு ஒட்டமாட்டேன் என்கிறது.

நண்பரிடம் சொன்னேன். நல்லா இருக்கே, எழுதி வெச்சுக்கறேன் என்று ஒரு சீட்டில் குறித்துக்கொண்டார். மறுவாரம் கேட்டேன். "அந்தச் சீட்டை எங்கயோ வெச்சுட்டோம்" என்றார்.