முதல் ஹை பவர் ராக்கெட்: கிட் வாங்குவதிலிருந்து லெவல் 1 சான்றிதழ் வரை

ராக்கெட்டை மேலே அனுப்புவது பெரிய விஷயம் இல்லை. கடையில் வாங்கும் மோட்டாரே, அதாவது திட எரிபொருள் நிரப்பிய எஞ்சினே, அதைப் பார்த்துக்கொள்ளும். பாராசூட் விரிந்து, எதுவும் உடையாமல், இன்னொரு மோட்டாரைப் போட்டால் உடனே பறக்கும் நிலையில் அது தரைக்குத் திரும்பவேண்டும். கஷ்டம் அங்கேதான். அமெரிக்காவில் பெரிய மோட்டார்களைப் பறக்கவிடத் தேவையான முதல் படியான லெவல் 1 சான்றிதழுக்குப் பார்ப்பதும் இதைத்தான். எவ்வளவு உயரம் போனது என்று யாரும் கேட்கமாட்டார்கள். அதனால் கீழே சொல்லியிருப்பதில் பாதிக்கு மேல் ராக்கெட் இறங்குவதைப் பற்றித்தான் இருக்கும்.

இது அமெரிக்காவில் இருப்பவர்களுக்கான விளக்கம். மற்ற நாடுகளில் சட்டம் வேறு. எங்கே இருந்தாலும் சரி, மோட்டாரை மட்டும் வீட்டில் செய்துபார்க்கவேண்டாம்.

ஹை பவர் என்றால் என்ன

மோட்டார்களை ஆங்கில எழுத்துகளால் வகைப்படுத்துகிறார்கள். ஒவ்வொரு எழுத்துக்கும் மொத்த உந்தத்தின் (சராசரி உந்துவிசையை எரியும் நேரத்தால் பெருக்கியது) உச்ச அளவு இரட்டிப்பாகும். ஜி வரை 160 நியூட்டன்-வினாடி. அதற்கு மேல் போனால் ஹை பவர்: 320 வரை எச், 640 வரை ஐ. எச், ஐ இரண்டுக்கும் லெவல் 1 வேண்டும். ஜே, கே, எல் மோட்டார்களுக்கு லெவல் 2, அதற்கு எழுத்துத் தேர்வும் உண்டு. எம் முதல் லெவல் 3.

சான்றிதழ் தருவது இரண்டு அமைப்புகள்: 1957-இல் தொடங்கிய என்.ஏ.ஆர். (நேஷனல் அசோசியேஷன் ஆஃப் ராக்கெட்ரி), அப்புறம் டிரிபோலி ராக்கெட்ரி அசோசியேஷன். ஏதாவது ஒன்றில் உறுப்பினராகுங்கள். 18 வயது ஆகியிருக்கவேண்டும். இந்த மோட்டார்களில் இருக்கும் அம்மோனியம் பெர்குளோரேட் எரிபொருளை அரசு ஒரு காலத்தில் வெடிபொருள் பட்டியலில் வைத்திருந்தது. 2009-இல் வாஷிங்டன் நீதிமன்றத் தீர்ப்புக்குப் பிறகு அந்தத் தொல்லை இல்லை.

வானத்துக்கு எஃப்.ஏ.ஏ. என்ற அமெரிக்க விமானப் போக்குவரத்துத் துறையின் அனுமதி தேவை. அதை ஏவும் நாளை நடத்தும் ராக்கெட் கிளப்பே வாங்கி வைத்திருக்கும். தெற்குக் கலிஃபோர்னியாவில் இருப்பவர்களுக்கு லூசர்ன் வறண்ட ஏரி நல்ல இடம். கண்ணுக்கு எட்டியவரை தட்டையான களிமண் தரை, சிக்கிக்கொள்ள மரம் கிடையாது. கிட் வாங்கும் முன்னால் ஒருமுறை சும்மா போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள். அங்கே இருப்பவர்கள் கேட்டதற்கெல்லாம் பதில் சொல்வார்கள், கேட்காததற்கும் சொல்வார்கள்.

எந்த கிட்

4 இன்ச் விட்டமுள்ள அட்டைக் குழாய், பிளைவுட் ஃபின் (வால் இறக்கை), 38 மில்லிமீட்டர் மோட்டார் குழாய். முதல் ராக்கெட்டுக்கு இது போதும். ஃபைபர்கிளாஸ் கிட் பார்க்க அழகாக இருக்கும், ஆனால் எடை கூடும், வேகமும் கூடும். ஒல்லியான ராக்கெட்டும் வேண்டாம். ஒரே எச் மோட்டாரில் குண்டு ராக்கெட் தாழ்வாகப் போய்க் கண்ணெதிரே இறங்கும். ஒல்லி ராக்கெட் கண்ணுக்கு மறைந்துவிடும், அதைத் தேடி மைல் கணக்கில் நடக்கவேண்டி வரும்.

மோட்டாரின் பெயரைப் படிக்கத் தெரிந்துகொள்ளுங்கள். எச்135டபிள்யூ-14ஏ என்று போட்டிருந்தால், எச் வகை, சராசரி உந்துவிசை 135 நியூட்டன், டபிள்யூ என்பது எரிபொருள் வகை, எரிந்து முடிந்த பிறகு 14 வினாடி தாமதம், அது முடிந்ததும் மோட்டாரிலிருந்து வரும் வாயு பாராசூட்டை வெளியே தள்ளும். கடைசி ஏ, அந்தத் தாமதத்தைக் குறைத்துக்கொள்ளலாம் என்பதற்கு. உந்துவிசை ராக்கெட்டின் எடையைப் போல ஐந்து மடங்காவது இருக்கவேண்டும். மோட்டாரோடு சேர்த்து 1.8 கிலோ என்றால் எடை சுமார் 18 நியூட்டன், ஐந்து மடங்கு 90. ஆக 135 தாராளம். இது 29 மில்லிமீட்டர் மோட்டார், 38-இல் பொருத்த ஒரு அடாப்டர் வாங்கவேண்டும்.

ஒட்டும் வேலை

முதலில் எதையும் ஒட்டாமல் எல்லாவற்றையும் பொருத்திப் பாருங்கள். குழாயின் மேலிருக்கும் வழவழப்பான படலத்தில் எபாக்ஸி (இரண்டு திரவங்களைக் கலந்து செய்யும் பசை) பிடிக்காது. ஒட்டப்போகும் இடத்தை மட்டும் உப்புத்தாளால் தேய்த்து அட்டையின் சொரசொரப்பு தெரியும்படி செய்யுங்கள். ஐந்து நிமிட எபாக்ஸி வேண்டாம், கையில் இருக்கும்போதே இறுகிவிடும். 30 நிமிட வகை நல்லது. கையுறை கட்டாயம், ஜன்னல் திறந்திருக்கட்டும்.

மோட்டார் குழாயை உடல் குழாயின் நடுவில் நிறுத்த முன்னும் பின்னும் வளையங்கள் உண்டு. மோட்டார் குழாயில் முன் வளையத்தை ஒட்டுங்கள். பாராசூட் கயிறு மாட்டும் ஐ போல்ட் (வளையத் தலையுள்ள போல்ட்) அதில்தான் இருக்கும், அதன் நட்டின் மேலும் கொஞ்சம் எபாக்ஸி வையுங்கள். அப்புறம் பின் வளையத்தை ஒட்டாமல் செருகி மட்டும் வைத்து, மொத்தத்தையும் உடல் குழாய்க்குள் தள்ளி முன் வளையத்தை ஒட்டுங்கள். பின் வளையத்துக்கு மாஸ்கிங் டேப்பில் ஒரு காது வைத்துக்கொண்டால் பிறகு இழுத்து எடுக்க வசதி.

ஃபின்கள் உடலின் பிளவு வழியாக உள்ளே போய் மோட்டார் குழாயைத் தொடும். அடிவிளிம்பில் எபாக்ஸி தடவி ஒவ்வொன்றாக நிறுத்துங்கள். ஃபின் வழிகாட்டி அட்டை கிட்டில் இல்லையென்றால் ஓப்பன்ராக்கெட் என்ற இலவச மென்பொருளிலிருந்து அச்சிட்டுக்கொள்ளலாம். காய்ந்ததும் பின் வளையத்தை உருவிவிட்டு, ஃபின் மோட்டார் குழாயைத் தொடும் மூலைகளில் உள்ளிருந்து எபாக்ஸி ஓடவிடுங்கள். உண்மையான பலம் இந்த உள் மூலைகளில்தான். எல்லாம் முடிந்தபிறகே பின் வளையம்.

வெளிப்பக்க மூலைக்குப் பொறுமை வேண்டும். ராக்கெட்டைப் படுக்கவைத்து, இரண்டு ஃபின்களுக்கு நடுவே இருக்கும் பள்ளம் மேல்நோக்கி இருக்கும்படி திருப்புங்கள். ஃபினிலும் உடலிலும் மூலையிலிருந்து ஒரு சென்டிமீட்டர் தள்ளி மாஸ்கிங் டேப் ஒட்டி, நடுவில் எபாக்ஸி ஊற்றுங்கள். கையுறை விரலை ஆல்கஹாலில் நனைத்து, முன்னிருந்து பின்னுக்கு ஒரே இழுப்பாக இழுத்தால் மூலை வழவழவென்று குழிந்து வரும். பிசின் பிசுபிசுப்பாக இருக்கும்போதே டேப்பை எடுத்துவிடவேண்டும், கல்லானபிறகு வராது. நிறைய ஊற்றினால் நிறைய பலம் என்று நினைக்கவேண்டாம். வால் பக்கம் எடை கூடுவதுதான் மிச்சம்.

மோட்டாரைப் பிடித்துவைக்க மரையுள்ள ரிட்டெய்னரை வால் பக்கம் ஒட்டுங்கள். மேலே பாராசூட்டைத் தள்ளவேண்டிய வாயு, பிடிமானம் இல்லாத மோட்டாரைக் கீழே தள்ளிவிட்டால் சான்றிதழ் கிடையாது. ராக்கெட்டை ஏவு தண்டவாளத்தில் பிடித்துவைக்கும் ரெயில் பட்டன் இரண்டையும் ஃபின்களுக்கு நடுவில் ஒரே நேர்கோட்டில் திருகுங்கள். முன் உடலில் 3 மில்லிமீட்டர் துளை ஒன்று போடுங்கள். மேலே போகப்போக வெளிக்காற்றின் அழுத்தம் குறையும், உள்ளே அடைபட்ட காற்று நோஸ் கோனை (ராக்கெட்டின் கூம்பு மூக்கை) முன்கூட்டியே தள்ளிவிடாமல் இருக்க இது.

பெயின்ட் உங்கள் இஷ்டம். பாலைவனத்தில் ஆரஞ்சு நன்றாகத் தெரியும், பழுப்பு தெரியாது.

நேராகப் பறக்குமா

தீபாவளி ராக்கெட்டில் குச்சியை ஒடித்துவிட்டுக் கொளுத்தினால் எங்கே போகும் என்று தெரியும் அல்லவா? இங்கே குச்சியின் வேலையை ஃபின்கள் செய்கின்றன. எடை மையம், காற்றின் அழுத்த மையத்துக்கு முன்னால், குறைந்தது ஒரு விட்டம் தள்ளி இருக்கவேண்டும். 4 இன்ச் ராக்கெட்டுக்கு 10 சென்டிமீட்டர். அழுத்த மையத்தை ஓப்பன்ராக்கெட் சொல்லும், அதை உடலில் ஸ்டிக்கரால் குறியுங்கள். எடை மையத்துக்கு மோட்டார், பாராசூட் எல்லாம் வைத்த நிலையில் ராக்கெட்டை ஒரு கயிற்றில் கிடையாகத் தொங்கவிட்டு, சமநிலையில் நிற்கும் இடத்தைப் பாருங்கள். போதவில்லையென்றால் நோஸ் கோனில் எடை சேர்க்கவேண்டும்.

அதே மென்பொருளில் உங்கள் மோட்டாரைப் போட்டு, எரிந்து முடிந்ததிலிருந்து உச்சிக்குப் போக எத்தனை வினாடி என்று பாருங்கள். உதாரணத்துக்கு 8 என்று வந்தால், 14-இலிருந்து 6 வினாடியைத் தாமதக் கருவியால் துளைத்துக் குறைக்கவேண்டும். மென்பொருளுக்கு உண்மையான எடையைக் கொடுங்கள். கிட்டின் அட்டையில் போட்டிருக்கும் எடையில் உங்கள் எபாக்ஸியும் பெயின்ட்டும் இல்லை.

தாமதம் நீண்டால் ராக்கெட் தலைகீழாக வேகம் பிடித்தபிறகு பாராசூட் வெளியே வரும், கயிறு உடல் குழாயை நீளவாக்கில் கிழித்துவிடும்.

பாராசூட் மடிப்பது

ஐ போல்ட்டில் மாட்டும் அந்தப் பாராசூட் கயிற்றின் பெயர் ஷாக் கார்டு, உடலையும் நோஸ் கோனையும் இணைப்பது. அது ராக்கெட்டின் நீளத்தைப் போல மூன்று முதல் ஐந்து மடங்கு இருக்கட்டும். அதை முன்னும் பின்னுமாக மடித்து, மாஸ்கிங் டேப்பால் லேசாகக் கட்டிக் குழாயில் இறக்குங்கள். பாராசூட்டைத் தீப்பிடிக்காத நோமெக்ஸ் துணியில் சுற்றுங்கள், துணி மோட்டார் பக்கம் பார்த்திருக்கவேண்டும். மாறி வைத்தால் சூடான வாயு நேராகப் பாராசூட்டில் படும். மடித்த பொட்டலம் குழாயில் தானாக வழுக்கிப் போகவேண்டும், குத்தி இறக்கவேண்டியிருந்தால் மறுபடி மடியுங்கள்.

நோஸ் கோனைப் பிடித்து ராக்கெட்டைத் தூக்குங்கள். உடல் கழன்று விழக்கூடாது. லேசாக உதறினால் கழன்றுவிட வேண்டும். லூசாக இருந்தால் ஒரு சுற்று டேப், இறுக்கமாக இருந்தால் உப்புத்தாள்.

ஏவும் நாள்

சீக்கிரம் போய்விடுங்கள், காலையில் காற்று குறைவு. காற்று மணிக்கு 20 மைலைத் தாண்டினால் ஏவக்கூடாது. விவர அட்டையை நிரப்பி, ராக்கெட்டோடு பாதுகாப்பு அதிகாரியிடம் போங்கள். ஃபினை ஆட்டிப் பார்ப்பார், நோஸ் கோனை இழுப்பார், எடை மையம் எங்கே என்பார். சான்றிதழுக்கான முயற்சி என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், பார்த்துக் கையெழுத்துப் போடுபவர் வானத்தைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும்.

ரெயிலில் ஏற்றி நிமிர்த்தியபிறகுதான் இக்னைட்டர், அதாவது மோட்டாரைப் பற்றவைக்கும் மின்திரி. அதற்கு முன் மோட்டாருக்குள் வைக்கவே கூடாது. மோட்டாரின் வெளிப்பக்கத்தில் வைத்து நீளம் பார்த்து ஒயரில் குறியிட்டுக்கொள்ளுங்கள், அந்தக் குறிவரை உள்ளே போகவேண்டும். எரிதல் மேல்நுனியில் தொடங்காவிட்டால் மோட்டார் புகைந்துகொண்டு நிற்கும். ஏவு பட்டனிலிருந்து வரும் ஒயரின் கிளிப் இரண்டையும் ஒன்றோடொன்று உரசி, பொறி வரவில்லை என்று உறுதிசெய்தபிறகு மாட்டுங்கள். எச் மோட்டாருக்குக் குறைந்தது 100 அடி விலகி நிற்கவேண்டும். பட்டனை அழுத்தியும் கிளம்பவில்லையென்றால் ஒரு நிமிடம் யாரும் கிட்டே போகக்கூடாது.

கிளம்பியதும் ஃபோனைப் பார்க்காதீர்கள். ராக்கெட்டையே பாருங்கள், இறங்கும் திசையில் ஒரு மலைமுகட்டையோ நிற்கும் வண்டியையோ அடையாளம் வைத்துக்கொள்ளுங்கள். அனுமதி கிடைத்தபிறகு போய் எடுத்து, எதையும் கழற்றாமல் அப்படியே கையெழுத்துப் போடுபவரிடம் காட்டுங்கள். மோட்டார் கூடு இடத்தில் இருக்கிறதா, ஃபினில் விரிசல் உண்டா என்று பார்ப்பார்.

சான்றிதழ் கிடைத்ததும் எல்லாருக்கும் ஐ மோட்டார் மேல் ஆசை வரும். அதைப் போடுவதற்கு முன் ஷாக் கார்டை முழுவதும் உருவிப் பாருங்கள், கருகிய இடம் இருந்தால் மாற்றிவிடுங்கள். பெரிய மோட்டார் வாலில் எடை கூட்டும், எடை மையம் பின்னால் நகரும். அதனால் ஓப்பன்ராக்கெட் கணக்கை முதலிலிருந்து போடுங்கள், தாமதத்தையும் சேர்த்துத்தான்.