உப்புத்தாளை எடுப்பதற்கு முன்: சமையலறை மரக் கதவுகளைச் சரிசெய்கையில் செய்யும் தவறுகள்

சமையலறை அலமாரிக் கதவு மங்கி, கைபட்ட இடமெல்லாம் பிசுபிசுக்க ஆரம்பித்தால் பெரும்பாலானோர் முதலில் தேடுவது உப்புத்தாளைத்தான். நானும் அப்படித்தான் தொடங்கினேன். அடுப்புக்குப் பக்கத்துக் கதவு ஒன்றை ஒரு சாயங்காலம் முழுக்கத் தேய்த்தேன். ஓரத்தில் மர ரேகை திடீரென்று காணாமல் போய், அடியிலிருந்து வேறு நிறத்தில் பலகை எட்டிப் பார்த்தது. கெட்டி மரம் என்று நினைத்திருந்தது வெனீர் என்ற மெல்லிய மரத்தோல் ஒட்டிய பிளைவுட். அந்த மேல்தோல் பல கதவுகளில் 1 மில்லிமீட்டர்கூட இருக்காது. போனது போனதுதான். அந்தக் கதவுக்கு உண்மையில் வேண்டியிருந்தது வெந்நீரும், பாத்திரம் கழுவும் சோப்பு நாலு சொட்டும்.

பழுது எங்கே இருக்கிறது என்று பார்க்காமல் வேலையில் இறங்குவதுதான் தாய்த் தவறு. அது அழுக்கில் இருக்கலாம், பூச்சில் இருக்கலாம், மரத்திலேயே இருக்கலாம். மூன்றுக்கும் வைத்தியம் வேறு.

முதலில் அழுக்கைக் களையுங்கள். சோப்புத் தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் துடைத்து, சுத்தமான ஈரத்துணியால் மறுபடி துடைத்து, காயவிடுங்கள். எண்ணெய்ப் பிசுக்கு விடாப்பிடியாக இருந்தால் மினரல் டர்பன்டைன் தொட்ட துணி போதும். ஜன்னலைத் திறந்துவைத்து, அடுப்பை அணைத்துவிட்டுச் செய்யுங்கள். இதைச் செய்யாமல் தேய்த்தால் பிசுக்கை நாமே மரத்துக்குள் ஏற்றுகிறோம். முன்பு சிலிக்கோன் கலந்த பாலிஷ் போட்டிருந்தால் இன்னும் மோசம்: மேலே பூசுகிற வார்னிஷ் பரவாமல் மீன்கண் மாதிரி குட்டிக் குட்டிக் குழியாக விலகி நிற்கும்.

காய்ந்தபின் கைப்பிடியைச் சுற்றி நகத்தால் லேசாக அழுத்திப் பாருங்கள். நகம் பதிந்தால் அங்கே பூச்சே இளகிப்போயிருக்கிறது. கையின் வியர்வையும் எண்ணெயும் வருடக்கணக்கில் ஊறினால் இப்படி ஆகும். அதன்மேல் எத்தனை கோட்டிங் கொடுத்தாலும் நிற்காது. அந்த இளகலைச் சுரண்டி எடுத்தே ஆகவேண்டும்.

கறைகளில் நிறத்தைக் கவனியுங்கள். வெள்ளைப் புகை படிந்ததுபோல் இருந்தால், நீராவியின் ஈரம் பூச்சுக்குள் சிக்கியிருக்கிறது. மரத்துக்கு ஒன்றும் ஆகியிருக்காது. சில நாள் உலரவிட்டாலே சிலது மறைந்துவிடும். கறுப்பாக இருந்தால் தண்ணீர் பூச்சைத் தாண்டிவிட்டது என்று அர்த்தம். மரத்திலுள்ள டானின் என்ற துவர்ப்புப் பொருளும் இரும்பும் ஈரத்தில் சேர்ந்தால் மை மாதிரிக் கறுக்கும். ஆணி, திருகு பக்கத்தில் இதை அடிக்கடி பார்க்கலாம். கறுப்பைத் தேய்த்தே எடுத்துவிடலாம் என்று இறங்கினால் பள்ளம்தான் விழும். அந்தப் பகுதியின் பூச்சை நீக்கி, ஆக்ஸாலிக் அமிலக் கரைசலைத் தடவினால் நிறம் வெளுக்கும். அது நச்சு, கையுறை வேண்டும். பிறகு பலமுறை தண்ணீரால் துடைத்துவிட வேண்டும். மிச்சம் இருக்கும்போது உப்புத்தாள் போட்டால் அந்தத் தூசு மூக்கைப் பதம்பார்த்துவிடும்.

அடுத்த தவறு, இருக்கிற பூச்சு என்னவென்று தெரியாமலே புதியதை வாங்கி வருவது. கதவின் மேல் விளிம்பில், கண்ணில் படாத இடத்தில், பஞ்சில் ஸ்பிரிட் தொட்டு ஒரு நிமிடம் வையுங்கள். ஒட்டும் பதத்துக்கு வந்தால் அது ஷெல்லாக், அதாவது அரக்கு பாலிஷ். ஸ்பிரிட்டுக்கு அசையாமல் லேக்கர் தின்னருக்குக் கரைந்தால் பெரும்பாலும் லேக்கர் என்ற, சீக்கிரம் காயும் பூச்சு. பாலியுரித்தேன் என்ற பிளாஸ்டிக் வகை வார்னிஷ் கரையாது, தோல் மாதிரிச் சுருங்கலாம். இந்தப் பரிசோதனை எதற்கு என்றால், ஷெல்லாக்கும் லேக்கரும் தத்தம் வகைப் பழைய பூச்சைக் கரைத்து அதோடு ஒன்றாகிவிடும்; சின்னக் கீறலை அந்த இடத்தில் மட்டும் சரிசெய்தாலும் தெரியாது. பாலியுரித்தேன் அப்படி ஒன்றாகாது. பழையதை 220 அல்லது 320 நம்பர் தாளால் பளபளப்பு போகும்வரை மட்டும் உரசி, கதவின் அந்தப் பக்கம் முழுவதற்கும் பூசினால்தான் திட்டு தெரியாமல் இருக்கும். உரசும்போது விளிம்புகளில் கை அழுந்தக் கூடாது. முதலில் தேய்ந்து போவது விளிம்புதான், நான் அனுபவஸ்தன்.

இன்னும் சில. பழைய பூச்சின்மேல் ஸ்டெய்ன், அதாவது மரச்சாயம், தடவினால் மரத்துக்குள் இறங்காது, திட்டுத்திட்டாக நிற்கும். தண்ணீர் சார்ந்த வார்னிஷ் பூசப்போகிற இடத்தில் ஸ்டீல் உல் என்ற இரும்பு இழைப் பஞ்சு வேண்டாம். உதிர்கிற இழை துருப்பிடித்துப் புள்ளி விழும். கதவுச் சட்டத்துக்கும் நடுப்பலகைக்கும் இடையே தெரிகிற மெல்லிய கோட்டை விரிசல் என்று நினைத்து மக்கு (புட்டி) வைத்து அடைக்காதீர்கள். ஈரத்துக்கும் வறட்சிக்கும் ஏற்ப அந்தப் பலகை விரிந்து சுருங்குவதற்கென்றே விட்ட இடம் அது. அடைத்தால் பலகையே பிளக்கலாம்.

காரணத்தை விட்டுவிட்டு அடையாளத்தை மட்டும் சரிசெய்தால் அதே கறை திரும்ப வரும். பாத்திரம் கழுவும் தொட்டிக்குக் கீழுள்ள கதவு அடிப்பக்கத்தில் கறுத்திருந்தால் கீழ் விளிம்பைக் கண்ணாடி வைத்துப் பாருங்கள். சட்டத்தின் நிமிர்ந்த மரங்கள் அங்கே குறுக்குவெட்டாக முடிகின்றன. மரம் தண்ணீரை மிக வேகமாக உறிஞ்சுவது அந்த முனை வழியாகத்தான். பல கதவுகளில் அங்கே பூச்சே இருக்காது. பளபளவென்று முன்பக்கம் மூன்று கோட்டிங், கீழே வெறும் மரம்! ஈரத்துணியைக் கதவின் மேல் தொங்கவிடுகிற பழக்கம் இருந்தால் மேல் விளிம்பையும் பார்த்துவிடுங்கள்.

கதவுகளைக் கழற்றும்போது எண் போடாமல் விட்டால் மாட்டும்போது ஒரு நாள் வீண். எண்ணை எழுத நல்ல இடம், கீல் உட்காரும் வட்டக் குழி. அதன்மேல் டேப் ஒட்டிவிட்டால் பூச்சும் படாது, கீல் வைத்தபின் வெளியிலும் தெரியாது. தொட்டால் ஒட்டவில்லை என்பதற்காக உடனே மாட்டி அழுத்தி மூடவும் வேண்டாம். பாலியுரித்தேன் முழுதாக இறுக வாரக்கணக்கில் ஆகும். அதுவரை கதவைக் கொஞ்சம் திறந்தே வையுங்கள், சோப்புத்துணி படாமல். மூடினால் சட்டத்தோடு ஒட்டிக்கொண்டு, திறக்கும்போது புதுப் பூச்சைப் பிய்த்துக்கொண்டு வரும்.