கடல் இல்லாத ஊரில் நீருக்கடியில் படம் எடுக்கப் பழகுவது எப்படி?

தருமபுரியிலும் கிருஷ்ணகிரியிலும் புதிதாக டி.எஸ்.எல்.ஆர். கேமரா வாங்கியவர்கள் முதலில் மாம்பூவை எடுப்பார்கள், அப்புறம் ஒகேனக்கல் அருவியை. நீருக்கடியில் எடுக்கும் ஆசை வந்துவிட்டால் மட்டும் அந்தமானுக்கு எப்போது போவது என்று கனவு காணத் தொடங்கிவிடுவார்கள். அந்தமான் எங்கும் போய்விடாது. அலையும் நீரோட்டமும் உள்ள கடலில் முதல் பாடம் படிப்பது வீண் செலவு. மீன் தொட்டியும் மாந்தோப்புக் கிணறும் இருந்தால் அடிப்படை முழுவதையும் இங்கேயே கற்கலாம்.

கற்க வேண்டியது ஒன்றே ஒன்றுதான்: கேமராவுக்கும் பொருளுக்கும் நடுவில் உள்ள தண்ணீரைக் குறைப்பது. கீழே வரும் படிகள் எல்லாம் அதற்கான பயிற்சிகள்.

படி 1: கேமரா நனையாமல் முதல் பாடம்

கண்ணாடி மீன் தொட்டி போதும். அறை விளக்குகளை அணைத்துவிட்டு, தொட்டிக்கு நேர் மேலே ஒரு மேசை விளக்கை வையுங்கள். ஃபிளாஷ் வேண்டாம். லென்ஸின் முன்விளிம்பு கண்ணாடியைத் தொட்டபடி நேராக இருக்கட்டும். சாய்த்துப் பிடித்தால் ஓரங்களில் நிறம் பிரிந்து படம் மங்கும். எல்லா அளவையும் நாமே வைக்கும் மேனுவல் முறையில் ஷட்டர் 1/250 நொடி, லென்ஸ் துளை எஃப் 5.6, ஒளியுணர்திறனான ஐஎஸ்ஓ 1600 என்று தொடங்கி, வெளிச்சத்துக்கு ஏற்ப ஐஎஸ்ஓவை மட்டும் மாற்றுங்கள். படங்கள் ரா கோப்பாக, அதாவது கேமரா மெருகேற்றாத மூலக் கோப்பாகப் பதிவாகட்டும்.

ஒரே மீனைத் தொட்டியின் அகலவாட்டில் எடுங்கள். பிறகு நீளவாட்டில், மீன் மறுகோடியில் இருக்கும்போது எடுங்கள். இரண்டையும் கணினியில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், இரண்டாவது படத்தில் செதில் தெளிவாக இருக்காது. தண்ணீரில் மிதக்கும் தூசு அவ்வளவையும் தாண்டி ஒளி வர வேண்டியிருப்பதுதான் காரணம்.

கிணற்றிலும் கடலிலும் நிறமும் சேர்ந்து போகும். தண்ணீர் முதலில் விழுங்குவது சிவப்பை. சுமார் 5 மீட்டருக்குள்ளேயே பெரும்பகுதி போய்விடும். அடுத்து ஆரஞ்சு, பிறகு மஞ்சள். பலரும் ஆழத்தை மட்டும் கணக்குப் போடுகிறார்கள். 3 மீட்டர் ஆழத்தில், 2 மீட்டர் தள்ளி இருக்கும் ஆளை எடுத்தால், ஒளி 5 மீட்டர் தண்ணீரைக் கடந்து வருகிறது. ஆழத்தை நீங்கள் குறைக்க முடியாமல் போகலாம். தள்ளி நிற்பதைக் குறைக்க முடியும்.

படி 2: உறை

கேமராவை உள்ளே வைத்து மூடும் நீர்புகா அலுமினியப் பெட்டியான ஹவுசிங்கை வாங்காதீர்கள், இப்போதைக்கு. பல மாடல்களுக்கு அதன் விலை கேமராவையே மிஞ்சும். அதோடு, அது அந்த ஒரு மாடலுக்கு மட்டுமே பொருந்தும். கேமராவை மாற்றினால் பெட்டியையும் மாற்ற வேண்டும்.

தொடக்கக்காரருக்கு இரண்டு வழிகள். ஒன்று, லென்ஸ் நீட்டிக்கொள்ள இடம் உள்ள, தட்டைக் கண்ணாடி பொருத்திய நீர்புகாப் பை. அதில் எழுதியிருக்கும் ஆழத்தில் பாதியைத்தான் நான் நம்புவேன். இரண்டு, எனக்குப் பிடித்த வழி: சின்ன மீன் தொட்டியையே கேமராவுக்குப் படகாக்குவது. தொட்டிக்குள் கேமராவை வைத்துக் கிணற்றின் கடைசிப் படியில் உட்கார்ந்து, தொட்டியைப் பாதி அமிழ்த்தினால் மேலே தோப்பும் கீழே மீனும் ஒரே படத்தில் கிடைக்கும்.

சுலபமாகத் தெரிகிறது, ஆனால் தண்ணீர் தொட்டியை மேலே தள்ளும். 30 செ.மீ. நீளமும் 20 செ.மீ. அகலமும் உள்ள தொட்டியை 15 செ.மீ. அமிழ்த்தினால் 9 லிட்டர் தண்ணீர் விலகும். அதாவது 9 கிலோ எடை மேல்நோக்கி முட்டும். கேமராவும் லென்ஸும் சேர்ந்தே ஒரு கிலோ அளவுதான். ஆகவே தொட்டியின் அடியில் பாலித்தீன் பையில் கட்டிய உலர்ந்த மணலைப் பரப்பி எடையேற்றுங்கள், மீதியைக் கைகளால் அழுத்துங்கள். விளிம்புக்குக் கீழே நான்கு விரற்கடையாவது எப்போதும் தண்ணீருக்கு வெளியே இருக்கட்டும். பக்கத்தில் யாரும் குதிக்கக் கூடாது. கேமராவின் வார் உங்கள் கழுத்திலேயே இருக்கட்டும்.

படி 3: கசிவுச் சோதனை

1856இல் வில்லியம் தாம்சன் என்ற ஆங்கிலேயர் வேமத் விரிகுடாவில், பெட்டிக்குள் வைத்த கேமராவைப் படகிலிருந்து கடலில் இறக்கினார். நீருக்கடியில் எடுக்கப்பட்ட முதல் புகைப்படமாகச் சொல்லப்படுவது அதுதான். பெட்டிக்குள் தண்ணீர் புகுந்துவிட்டது; அப்படியும் படம் பதியும் தகட்டில் மங்கலாக ஓர் உருவம் பதிந்தது. அந்தத் தகட்டின் இடத்தில் இருக்கும் உங்கள் கேமராவின் சென்சார் அவ்வளவு பெருந்தன்மை காட்டாது.

பைக்குள் கேமராவுக்குப் பதிலாக மெல்லிய காகிதக் கைக்குட்டையையும் ஒரு கல்லையும் வைத்து மூடுங்கள். வாளியில் அரை மணி நேரம் அமிழ்த்தி, இடையிடையே அழுத்திப் பிசையுங்கள். பிறகு கயிறு கட்டிக் கிணற்றில், நீங்கள் இறங்கப்போகும் ஆழத்துக்கு விடுங்கள். காகிதம் காய்ந்தே வந்தால் சரி. ரப்பர் வளையம் உள்ள உறையானால் ஒவ்வொரு முறையும் வளையத்தில் விரலை ஓட்டிப் பாருங்கள். ஒரு தலைமுடி போதும், தண்ணீர் உள்ளே வர. வளையத்துக்கு சிலிகான் கிரீஸ் மட்டுமே, அதுவும் பளபளக்கும் அளவுக்கு. தேங்காய் எண்ணெய், வாசலின் ஆகாது.

கேமராவைக் கிணற்றடியில் உறைக்குள் போடாதீர்கள். வீட்டில், உலர்ந்த காற்றில், சிலிக்கா ஜெல் பொட்டலம் ஒன்றோடு மூடி எடுத்து வாருங்கள். ஈரக்காற்றோடு மூடினால் குளிர்ந்த தண்ணீரில் கண்ணாடியின் உட்புறம் வியர்த்துவிடும்.

படி 4: கிணறு

எந்தத் தண்ணீர் வேண்டாம் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். ஒகேனக்கல் வேண்டாம்: சுழலும் வழுக்குப் பாறையும் உண்டு, காவிரியில் முதலையும் உண்டு. கல்குவாரிக் குட்டை வேண்டாம்: செங்குத்தான சுவரில் ஏறிவர வழியிருக்காது. நுரை பொங்கும் ஓசூர் கெலவரப்பள்ளி அணைப் பக்கம் கேமராவுக்கும் வேலையில்லை, தோலுக்கும் நல்லதில்லை. பாழுங்கிணறு எல்லாவற்றையும்விட மோசம். அடியில் தேங்கிய காற்றில் உயிர்வாயு இருக்காது.

வேண்டியது, தினமும் இறைக்கும், படி உள்ள, ஊர்ப் பிள்ளைகள் நீச்சல் பழகும் பாசனக் கிணறு. தோட்டக்காரரிடம் கேட்டுவிட்டு இறங்குங்கள். “கிணற்றுக்குள் எடுக்க என்ன இருக்கிறது, பாசியையா எடுக்கப்போகிறீர்கள்?” என்று அவர் சிரித்தால் சிரிக்கட்டும். மோட்டாரை அவரே நிறுத்தித் தர வேண்டும். பொத்தானை அமுக்குவது போதாது. நம் தோட்டங்களில் பலவற்றில் ஆட்டோ ஸ்டார்ட்டர் இருக்கிறது. மும்முனை மின்சாரம் வந்ததும் மோட்டார் தானாக ஓடத் தொடங்கும். ஃபியூஸ் கட்டையைப் பிடுங்கி மேலே நிற்பவர் கையில் கொடுத்துவிடுங்கள். அந்த மேலே நிற்பவர் நீந்தத் தெரிந்தவராகவும், செல்பேசியைப் பார்க்காதவராகவும் இருக்க வேண்டும்.

காலம்: ஐப்பசி, கார்த்திகை மழையில் கலங்கிய தண்ணீர் தை, மாசியில் தெளிந்திருக்கும். அப்போது உச்சிவேளையிலும் சூரியன் தெற்கே சாய்ந்திருப்பதால் வடக்குச் சுவர்ப் பக்கம்தான் வெளிச்சம் விழும், அங்கேயே நில்லுங்கள். சித்திரையில் சூரியன் நேர் உச்சிக்கு வரும், ஒளிக்கதிர்கள் தூண்போல் இறங்கும். ஆனால் அதற்குள் தண்ணீர் அடிக்குப் போயிருக்கும்.

படி 5: தண்ணீருக்குள்

வெறுமனே மூச்சடக்கி ஓர் ஆள் ஆழத்துக்குள் மட்டும். இறங்குமுன் வேகவேகமாக மூச்சை இழுத்து விடாதீர்கள்; மூச்சு முட்டும் உணர்வே வராமல் தண்ணீருக்குள் மயக்கம் வரும்.

18-55 மி.மீ. ஜூம் லென்ஸை, அதிக அகலம் தெரியும் 18இலேயே விட்டுவிடுங்கள். தட்டைக் கண்ணாடி வழியே பார்க்கும்போது, காற்றில் 75 பாகை அளவுள்ள அதன் பார்வை 55 பாகையாகச் சுருங்கும். பொருள்கள் மூன்றில் ஒரு பங்கு பெரிதாகவும், கால் பங்கு அருகிலும் தெரியும். மீன் கைக்கெட்டும் தூரத்தில் தெரிந்தால் இன்னும் கொஞ்சம் நெருங்கலாம் என்று பொருள்.

உறைக்குள் இருக்கும் வியூஃபைண்டரில், அதாவது கண் வைத்துப் பார்க்கும் துளையில், கண் வைப்பது கஷ்டம். கேமராவின் திரையில் பார்த்து எடுக்கும் லைவ் வியூ உதவும், ஆனால் நிக்கான் டி3500, கேனான் 1500டி போன்றவற்றில் அப்போது ஃபோகஸ் மெதுவாகத்தான் பிடிக்கும். தண்ணீருக்கு மேலேயே, அரை மீட்டரில் உள்ள ஒரு பொருளில் ஃபோகஸ் செய்து லென்ஸை மேனுவலுக்கு மாற்றிவிடுங்கள். தண்ணீருக்குள் மீன் அரை மீட்டரில் இருப்பதுபோல் தெரியும்போது அழுத்துங்கள். கண்ணை ஏமாற்றும் ஒளிவிலகல் லென்ஸையும் அதே அளவில்தான் ஏமாற்றுகிறது, ஆகவே கணக்கு சரியாக வரும். எஃப் 8, 1/200, ஐஎஸ்ஓ ஆட்டோ.

கேமராவில் உள்ள ஃபிளாஷ் இங்கேயும் எழவே கூடாது. லென்ஸுக்குப் பக்கத்திலிருந்து பாயும் ஒளி ஒவ்வொரு தூசியிலும் பட்டுத் திரும்பி, படம் முழுக்க வெள்ளைப் புள்ளிகளாகும். ஜிலேபிக் கெண்டைகள் துரத்தினால் ஓடும். அசையாமல் மிதந்தால் அவையே வந்து பார்க்கும். தண்ணீர்ப் பாம்பு வந்தால் அதற்கு விஷமில்லை, வழிவிட்டால் போய்விடும். எது தண்ணீர்ப் பாம்பு என்று அடையாளம் தெரியாதவர் கரையேறிவிடுவது நல்லது.

படி 6: மேலே பாருங்கள்

கடல்காரர்களுக்கு இல்லாத வசதி இது. நீருக்கடியிலிருந்து நேர் மேலே பார்த்தால், வெளியுலகம் முழுவதும் சுமார் 97 பாகை அளவுள்ள ஒரு வட்டத்துக்குள் அடங்கித் தெரியும். அந்த வட்டத்துக்கு வெளியே நீர்ப்பரப்பு கண்ணாடியாகி, கிணற்றின் அடியையே காட்டும். கடலில் அந்த வட்டத்துக்குள் வானமும் படகும் இருக்கும். கிணற்றில் கல் கட்டிய சுவர், படிகள், எட்டிப் பார்க்கும் தலைகள், தென்னை ஓலையில் தொங்கும் தூக்கணாங்குருவிக் கூடு எல்லாம் வளைந்து உள்ளே நிற்கும்.

55 பாகையில் அந்த வட்டம் முழுதாக அடங்காது, ஆழமாகப் போனாலும் அடங்காது. கோணம் ஆழத்தால் மாறுவதில்லை. வட்டத்தின் ஒரு விளிம்பை மட்டும் படத்துக்குள் வளைவாக விடுங்கள், கூடு அதன் உள்ளே விழட்டும். நீர்ப்பரப்பு சலனமில்லாமல் இருக்க வேண்டும் என்பதால் இறங்கியதும் எடுக்காதீர்கள், அலை அடங்கட்டும். வெளிச்சத்தை வானத்துக்கு அளந்து, சுவர் கறுத்தால் கறுக்கட்டும் என்று விட்டுவிடுங்கள்.

படி 7: நிறம்

கிணற்று நீர் பாசியால் பச்சை. கடைகளில் விற்கும் சிவப்பு ஃபில்டர் நீலக் கடலுக்கானது, இங்கே வாங்க வேண்டாம். மீன் இருக்கும் ஆழத்திலேயே ஒரு வெள்ளைப் பிளாஸ்டிக் மூடியைப் பிடித்து ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். கணினியில் ரா கோப்பைத் திறந்து, வெள்ளை எது என்று காட்டி நிறத்தைச் சரிசெய்யும் வைட் பேலன்ஸ் துளிசொட்டிக் கருவியை அந்த வெள்ளையில் வைத்தால் மற்றப் படங்களுக்கும் அதே அளவைப் போடலாம். ஒரு மீட்டர் தூரத்துக்குள் எடுத்தவற்றில் சிவப்பு மீண்டு வரும். தள்ளி நின்று எடுத்தவற்றில் சிவப்பை ஏற்றினால் புள்ளிப்புள்ளியாக இரைச்சல்தான் ஏறும். அவற்றை அழித்துவிட்டு, அடுத்த வாரம் நெருங்கி எடுங்கள்.