தெளிந்த நீரில் மறைந்திருக்கும் கூழ்: மென்சவ்வை அடைக்கும் பசைத்துகளை அளப்பது எப்படி?

பலூடா குடித்தவர்களுக்கு இதை விளக்குவது எளிது. குவளையின் அடியில் ஊறிக் கிடக்கும் கசகசா (திருநீற்றுப்பச்சை) விதையைச் சுற்றி நிறமற்ற கூழ் ஒன்று உப்பி நிற்கும். விதையை எடுத்துவிட்டுக் கூழை மட்டும் நீரில் மிதக்கவிட்டால் கண்ணுக்குத் தெரியுமா? பாசிகளும் பக்ரீரியாக்களும் கசியவிடும் சர்க்கரைச் சங்கிலிகள் ஒன்றோடொன்று ஒட்டி, இத்தகைய கூழ்த் துகள்களாக ஆற்றிலும் கடலிலும் மிதக்கின்றன. அலிஸ் ஆல்ட்ரெட்ஜும் உட்டா பாசோவும் இன்னொருவரும் 1993இல் கடல்நீருக்குச் சாயமிட்டு இவற்றை வெளிக்காட்டினார்கள். ஆய்வுகூடங்களில் இவற்றுக்கு ரீ.ஈ.பி. (Transparent Exopolymer Particles) என்று பெயர்.

நீரை அழுத்திச் செலுத்தி உப்பைப் பிரிக்கும் ஆர்.ஓ. (reverse osmosis) மென்சவ்வில் இந்தக் கூழ் ஒட்டினால் பக்ரீரியாக்கள் அதன்மேல் குடியேறும். பிறகு அழுத்தத்தைக் கூட்டிக்கொண்டே போகவேண்டியதுதான். கலங்கல்மானி இதைப் பெரும்பாலும் காட்டாது. 0.45 மைக்கிரோமீற்றர் வடிதாளில் 15 நிமிடம் நீரைச் செலுத்திப் பார்க்கும் வழக்கமான அடைப்புச் சோதனையோ அடைபடுகிறது என்று சொல்லும். அடைப்பது எது என்று சொல்லாது. அதற்குத்தான் சாயமுறை.

இதில் ஒன்றை மட்டும் மனத்தில் வையுங்கள்: நீங்கள் அளப்பது மணலை அல்ல, கூழை. கீழே வரும் விதிகளில் பல அதனால் வந்தவை.

மாதிரி எடுத்தல்

கொழும்பில் பேர வாவி, களனி கங்கை, வெள்ளவத்தைக் கடல் ஆகிய மூன்றிலும் ஒவ்வொரு போத்தல் எடுத்துப் பழகுங்கள். அலை நுரைக்கும் இடத்தைத் தவிருங்கள். குமிழிகளே இந்தக் கூழை உருவாக்கக்கூடியவை. அதே காரணத்தால் போத்தலை விளிம்புவரை நிரப்பி, காற்று இல்லாமல் மூடுங்கள். காலி வீதியில் முச்சக்கர வண்டியில் வரும் அரைப் போத்தல் நீர் வழியெல்லாம் குலுங்கும். குளிரில் வைத்து அன்றே வடித்துவிடுங்கள். நீரை உறைய வைக்காதீர்கள்.

வடித்தல்

0.4 மைக்கிரோமீற்றர் துளையுள்ள பொலிகாபனேற்று வடிதாள் வேண்டும். கடல்நீரானால் 100 மில்லிலீற்றரில் தொடங்கலாம். வாவி நீர் பச்சையாக இருந்தால் 10 அல்லது 20 போதும். அதற்கே வடிதாள் திணறும்.

வெற்றிடப் பம்பியை 150 மில்லிமீற்றர் பாதரசத்துக்குமேல் ஏற்றவேண்டாம். புதியவர்கள் பொறுமையிழப்பது இங்கேதான். சவ்வரிசிக் கஞ்சியைத் தேநீர் வடியில் ஊற்றிவிட்டுக் கரண்டியால் அழுத்திப் பாருங்கள்: தானாக நின்றது பிதுங்கி இறங்கிவிடும். வேகமாக உறிஞ்சினால் இந்தக் கூழும் துளைவழியே நெளிந்து போய்விடும். உங்கள் எண் பொய்யாகக் குறையும்.

சாயமிடல்

இந்தக் கூழில் ஒட்டும் நீலச் சாயமான அல்சியன் நீலம் 0.02 சதவீதம், 0.06 சதவீத அசற்றிக் அமிலத்தில், பி.எச். 2.5. கரைசலை 0.2 மைக்கிரோமீற்றரில் வடித்த பின்னரே பயன்படுத்துங்கள். இல்லாவிட்டால் சாயக் கட்டிகளும் கணக்கில் சேரும். வடிதாளின்மேல் அரை மில்லிலீற்றர் சாயம், சில விநாடிகள், உறிஞ்சி எடுத்தல், பிறகு காய்ச்சி வடித்த நீரால் ஒருமுறை கழுவல்.

கடல்நீரை வடித்தவர்கள் சாயமிடும் முன்பும் சிறிது காய்ச்சி வடித்த நீர் விட்டு உப்பை நீக்கவேண்டும். உப்புப் பட்டால் இந்தச் சாயம் திரளும். நான் முதன்முதலில் செய்தபோது அதை மறந்தேன். வெள்ளவத்தைக் கடல் பேர வாவியை விஞ்சிவிட்டதாக எண் வந்தது. ஒரு பகல் முழுவதும் அதற்கு விளக்கம் தேடிக்கொண்டிருந்தேன் என்பதைச் சொல்ல இப்போதும் வெட்கமாக இருக்கிறது.

கரைத்து அளத்தல்

வடிதாளை 80 சதவீத சல்பூரிக் அமிலம் 6 மில்லிலீற்றரில் இரண்டு மணிநேரம் ஊறவிட்டு, இடையிடையே மெதுவாகச் சுழற்றுங்கள். பாதுகாப்புக் கண்ணாடியும் கையுறையும் கட்டாயம். அமிலத்தை நீங்களே தயாரிப்பதென்றால் நீருக்குள் அமிலத்தைத்தான் சிறிது சிறிதாக விடவேண்டும், ஒருபோதும் மாற்றி அல்ல. கொழும்புக் காற்றின் ஈரத்தையும் இந்த அமிலம் இழுத்துக்கொள்ளும். ஆகவே குழாய்களை மூடி வையுங்கள். பிறகு நிறமாலைமானியில் 787 நனோமீற்றரில் உறிஞ்சுகையை, அதாவது கரைந்த சாயம் எவ்வளவு ஒளியை விழுங்குகிறது என்பதைப் படியுங்கள்.

வெற்றுமாதிரி இல்லாத அளவீடு வீண். நீர் வடிக்காத தாளுக்கும் அதே சாயம், அதே கழுவல், அதே அமிலம். ஒவ்வொரு நீருக்கும் மூன்று தாள்கள், ஒவ்வொரு நாளும் வெற்றுத்தாள்கள் மூன்று.

எண்ணாக்கல்

சாயத்தின் பலம் தொகுதிக்குத் தொகுதி மாறும். அதனால் உணவைக் கெட்டியாக்கச் சேர்க்கும் சாந்தன் பசையை (xanthan gum) அளவுகோலாக எடுத்துக் கரைத்து அரைத்து, ஒரு தொகுதித் தாள்களில் வடித்து உலர்த்தி நுண்தராசில் நிறுக்கவேண்டும். அதே அளவு வடித்த இன்னொரு தொகுதிக்குச் சாயமிட வேண்டும். ஓர் அலகு உறிஞ்சுகைக்கு எத்தனை மைக்கிரோகிராம் பசை என்ற காரணி கிடைக்கும். விடை எப்போதும் “சாந்தன் பசைக்குச் சமமான” மைக்கிரோகிராம்தான். உண்மையான எடை அல்ல.

கணக்கைப் புரிந்துகொள்ள ஒரு கற்பனை எடுத்துக்காட்டு: மாதிரி 0.210, வெற்றுத்தாள் 0.060, வித்தியாசம் 0.150. காரணி 100 என்றால் தாளில் 15 மைக்கிரோகிராம். வடித்தது 0.1 லீற்றர், ஆகவே லீற்றருக்கு 150.

அல்சியன் நீலம் அமிலத்தன்மையுள்ள சர்க்கரைச் சங்கிலிகளை மட்டுமே பிடிக்கும். புரதக் கூழை விட்டுவிடும். 0.4 மைக்கிரோமீற்றரைவிடச் சிறியவையும் தப்பிவிடும். அவையும் மென்சவ்வில் படிபவையே என்பதால், கைபழகிய பின் வடிந்த நீரை 0.05 மைக்கிரோமீற்றர் தாளில் மறுபடி வடித்துப் பாருங்கள்.

இலங்கையின் வடக்கில் தலையடியில் 2024இல் திறக்கப்பட்டது போன்ற, கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையங்களில் இந்த எண் தனியாகப் பெரிதாக எதையும் சொல்லாது. மணல்வடிக்கு முன் ஒன்று, பின் ஒன்று எடுங்கள். கலங்கல் இறங்கியும் இந்த எண் இறங்காவிட்டால், முதலில் பார்க்கவேண்டியது, துகள்களைத் திரளவைக்க நீரில் இடும் திரட்டிப் பொருளின் அளவை.