மாருதி 800 காருக்கு லோயர் ஆர்ம் புஷ் வாங்கி மாற்றும் முறை

மாருதி 800 காரின் உற்பத்தி 2014 சனவரியிலேயே நின்றுவிட்டாலும் அதன் சஸ்பென்ஷன் புஷ்கள் (உலோகக் குழலும் ரப்பரும் சேர்ந்த, அதிர்வைத் தாங்கும் இணைப்புத் துண்டுகள்) உதிரிபாகக் கடைகளில் இன்றும் தாராளமாகக் கிடைக்கின்றன. எதை வாங்குவது என்பதில்தான் குழப்பம் வருகிறது.

முதலில், தேய்ந்தது எது என்று பாருங்கள். முன்பக்கத்தை ஜாக்கியால் தூக்கி, ஸ்டாண்டில் உறுதியாக நிறுத்திய பிறகு, சக்கரத்தைப் பாடியோடு இணைக்கும் கீழ்க்கையான லோயர் ஆர்மின் உள்முனையை லீவர் கொடுத்து நெம்பினால், ரப்பர் உலோகக் குழலிலிருந்து விட்டுப்போயிருப்பது கண்ணுக்கே தெரியும். இந்தக் காரில் முன்சக்கரம் முன்னும் பின்னும் நகராமல் பிடித்துக்கொள்வது ஸ்டெபிலைசர் பார்தான் (இரு முன்சக்கரப் பக்கங்களையும் குறுக்கே இணைக்கும் கம்பி) என்பதால், பிரேக் பிடிக்கும்போது வண்டி ஒரு பக்கம் இழுத்தால் அதன் முனைப் புஷ்களையும் சோதிக்க வேண்டும்.

அடுத்தது, ரப்பரா, அதைவிடக் கடினமான செயற்கைப் பொருளான பாலியூரித்தேனா என்ற கேள்வி. ஊருக்குள் ஓடும் வண்டிக்கு ரப்பரே போதும் என்பது என் உறுதியான கருத்து. பாலியூரித்தேன் நெடுநாள் உழைக்கும், வளைவுகளில் வண்டியை இறுக்கமாகவும் வைத்திருக்கும். ஆனால் சாலையின் அதிர்வு முழுவதையும் பழைய பாடிக்குள் கடத்திவிடும்.

கடைக்குப் போகும்போது பழைய புஷ்ஷையும் வெர்னியர் காலிப்பரையும் எடுத்துச் செல்லுங்கள். வெளிவிட்டம், போல்ட் துளை, உட்குழலின் நீளம் ஆகிய மூன்றும் ஒத்துப்போக வேண்டும். ரப்பரும் குழலும் சேரும் விளிம்பைக் கட்டைவிரலால் அழுத்தும்போது மயிரிழை இடைவெளி தெரிந்தாலும், ரப்பரின் மேல் நுண்ணிய வெடிப்புகள் இருந்தாலும், அது எந்த விலையானாலும் வாங்காதீர்கள். இடம், வலம் இரண்டையும் சேர்த்தே மாற்றுவது நல்லது.

புதிய புஷ்ஷைச் சுத்தியலால் அடித்து ஏற்றாமல், லேத் பட்டறையில் பிரஸ் கொண்டு ஏற்றச் சொல்லுங்கள். அதன் பிறகு வருவதுதான் பலரும் கோட்டைவிடும் இடம். ரப்பர் புஷ் சுழல்வதில்லை. போல்ட்டை முறுக்கியதும் உட்குழல் அசையாமல் பிடிபட்டுவிட, ஆர்ம் ஏறி இறங்கும்போதெல்லாம் ரப்பர்தான் முறுக்கிக்கொள்கிறது. சக்கரம் தொங்கும் நிலையிலேயே போல்ட்டை இறுக்கிவிட்டால், வண்டி தரையில் நிற்கும்போதும் ரப்பர் முறுக்கியபடியே இருந்து, சீக்கிரமே கிழிந்துவிடும். ஆகவே போல்ட்டைக் கையளவில் மட்டும் பூட்டி, சக்கரங்களைத் தரையில் இறக்கி, வண்டியை ஓரிரு முறை அமுக்கிவிட்ட பிறகே டார்க் ரெஞ்சால் (முறுக்கு விசையை அளந்து இறுக்கும் ஸ்பானர்) முழுமையாக இறுக்க வேண்டும். அன்றே வீல் அலைன்மென்ட்டும் பார்த்துவிடுங்கள்.

பிற்சேர்க்கை: புஷ்ஷில் கிரீஸ் தடவலாமா என்று வாசகர்கள் சிலர் கேட்டிருந்தனர். சாதாரண கிரீஸும் எஞ்சின் ஆயிலும் இயற்கை ரப்பரை ஊதவைத்துக் கெடுத்துவிடும் என்பதால், ஏற்றுவதற்கு வழுக்கல் தேவையென்றால் சோப்புத் தண்ணீர் போதும். பாலியூரித்தேன் புஷ்ஷுக்குள் உட்குழல் சுழலும் என்பதால், அதற்கு மட்டும் சிலிகான் கிரீஸ் அவசியம். அதைத் தடவாமல் பூட்டினால் சில வாரங்களிலேயே கிறீச்சிடத் தொடங்கும்.