சிலோன் பாட்டியிடம் கேள்வி கேட்பது எப்படி?

இலங்கைத் தோட்டங்களிலிருந்து தாயகம் திரும்பிய ஒருவரிடம் முதல் நேர்காணலுக்குப் போனபோது என் கையில் 42 கேள்விகள் கொண்ட படிவமும், அதை மாட்டி எழுத ஒரு கிளிப் அட்டையும் இருந்தன. நீலகிரியில் பந்தலூர் பக்கம், தோட்டத் தொழிலாளர்களுக்கு வரிசையாகக் கட்டிய லைன் வீடுகளில் ஒன்று. தாத்தாவுக்கு எழுபதுக்கு மேல். “உங்க பேரு, வயசு, எந்த வருஷம் வந்தீங்க?” என்று ஆரம்பித்ததும் அவர் எழுந்து உள்ளே போனார். திரும்பி வரும்போது சட்டை போட்டிருந்தார். கையில் ஒரு பாலிதீன் பை. அதிலிருந்து ஒவ்வொரு காகிதமாக எடுத்து எதிரே வைத்துவிட்டு, நின்றுகொண்டே, “எல்லாம் ஒரிஜினல்தாம்மா. பட்டா எப்ப வரும்?” என்றார்.

இத்தனைக்கும் நானும் டான்டீ (தாயகம் திரும்பியோருக்கு வேலை கொடுக்க அரசு தொடங்கிய தேயிலைத் தோட்டக் கழகம்) லைனில் பிறந்து வளர்ந்தவள்தான். என் அப்பாயியை அவருக்குத் தெரியும். அந்த கிளிப் அட்டையைக் கண்டதும் அதெல்லாம் அவருக்கு மறந்துபோயிற்று. அன்றைக்கு எதையும் பதிவு செய்யாமல் தேநீர் மட்டும் குடித்துவிட்டுத் திரும்பினேன்.

இலங்கையிலிருந்து தாயகம் திரும்பியோரைப் பற்றி ஆய்வு செய்ய நீலகிரிக்கு வரும் மாணவர்கள் இப்போது என்னிடம் வழி கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்வதற்குப் பதில் இங்கே எழுதிவைக்கிறேன். மற்ற புலம்பெயர்ந்தோரிடம் நேர்காணல் எடுப்பவர்களுக்கும் இதில் பாதியாவது பொருந்தும்.

முதலில் காகிதங்களின் கதையைப் படியுங்கள்

இந்த மக்கள் ஆயுள் முழுக்க யாரோ ஒரு அதிகாரிக்குப் பதில் சொல்லிக்கொண்டே இருந்தவர்கள். 1948இல் இலங்கைக் குடியுரிமைச் சட்டம் வந்தது. தோட்டத்தில் மூன்று தலைமுறையாக உழைத்தவர்களும் அதனால் நாடற்றவர்கள் ஆனார்கள். அடுத்த ஆண்டு வந்த சட்டம் விண்ணப்பிக்கலாம் என்றது. ஆனால் திருமணமானவர் 7 ஆண்டும் ஆகாதவர் 10 ஆண்டும் தொடர்ந்து அங்கேயே குடியிருந்ததற்கு ஆதாரம் காட்ட வேண்டும். பிறப்புப் பதிவே இல்லாத லயத்தில் (லைன் வீட்டுக்கு அங்கே அப்படித்தான் பெயர்) ஆதாரத்துக்கு எங்கே போவது? 1964 அக்டோபர் 30 அன்று சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம் கையெழுத்தானது. 9,75,000 பேர் கணக்கில் எடுக்கப்பட்டார்கள். 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு. மிச்சமிருந்த 1,50,000 பேரை 1974இல் பாதிக்குப் பாதி பிரித்துக்கொண்டார்கள். பாகப்பிரிவினையில் பாத்திரபண்டம் பிரிப்பதுபோல என்று எங்கள் வீட்டில் சொல்வார்கள்.

அப்புறம் கண்டியில் இந்தியத் தூதரக அலுவலகத்தில் கேள்வி, தலைமன்னாரில் கேள்வி, மண்டபம் முகாமில் கேள்வி. இங்கே வந்து பிள்ளையைப் பள்ளியில் சேர்க்கப் போனால் சாதிச் சான்றிதழுக்குக் கேள்வி. இந்த வரிசையில் அடுத்த ஆளாக நீங்கள் போய் நிற்கிறீர்கள். அந்த வரிசையில் சேராமல் எப்படி உட்காருவது என்பதுதான் நேர்காணலில் பாதி வேலை.

அதனால் படிவத்தைக் கையில் கொண்டுபோகாதீர்கள். கேள்விகளை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். பத்துக்கு மேல் வேண்டாம். “எப்ப வந்தீங்க?” முதல் கேள்வியாக இருக்கவே கூடாது. நான் இப்போது “அங்க உங்க காம்பராவுக்கு எதிர்ல என்ன தெரியும்?” என்று ஆரம்பிக்கிறேன். காம்பரா என்றால் லயத்தில் ஒரு குடும்பத்துக்கு ஒதுக்கிய அறை. இந்தக் கேள்வியை எந்த அதிகாரியும் கேட்டதில்லை, அதனால் இதற்குத் தயார் பதிலும் கிடையாது. ஒரு பாட்டி கண்ணை மூடிக்கொண்டு, ஸ்டோரு (தேயிலை ஆலை), அதற்குப் பக்கத்தில் பீலிக்கரை (குழாயில் தண்ணீர் பிடிக்கும் இடம்), அதற்கு மேலே மாடசாமி கோயில் என்று கையை நீட்டி நீட்டிக் காட்டினார். பீலிக்கரைக்கு வந்ததும் அங்கே நடந்த சண்டை வந்தது, சண்டையிலிருந்து கங்காணி வந்தார், கங்காணியிலிருந்து பெரட்டும் (காலையில் ஆள் கணக்கெடுத்து வேலை பிரிப்பது) அரைப்பேரும் (பாதி நாள் சம்பளம்) வந்தன. நான் அடுத்த கேள்வி கேட்க முக்கால் மணி நேரம் ஆயிற்று.

எப்போது போவது

சொன்னால் சிரிப்பீர்கள், ஆய்வைக் கெடுப்பதில் முதலிடம் மழைக்குத்தான். தேவாலா, பந்தலூர் பக்கம் தமிழ்நாட்டிலேயே அதிக மழை பெய்யும் இடங்களில் சேர்ந்தது. ஜூனிலிருந்து ஆகஸ்ட் வரை தகரக் கூரைக்குக் கீழே எடுத்த பதிவில் மழை மட்டும்தான் கேட்கும். எனக்கு அப்படி ஏழு மணி நேரம் வீணானது. ஜனவரியிலிருந்து மார்ச்சுக்குள் போங்கள். கொழுந்து நிறுத்து முடித்து வருபவரை உடனே பிடித்து உட்காரவைக்காதீர்கள். குளிக்கட்டும், அடுப்பு பற்றவைக்கட்டும். ஞாயிறு மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு நல்ல நேரம். ஆனால் இருட்டுவதற்குள் கிளம்பிவிட வேண்டும். கூடலூர் வட்டாரத்தில் இருட்டிய பிறகு பாதை யானைக்குச் சொந்தம். இதைத் திட்ட அறிக்கையில் எழுதினால் வழிகாட்டிப் பேராசிரியர் நம்ப மாட்டார். இருந்தாலும் எழுதுங்கள்.

கையெழுத்து

பல்கலைக்கழகங்கள் ஒப்புதல் படிவம் கேட்கும். இரண்டு பக்கம், அதிலும் ஆங்கிலத்தில். நான் அதைத் தமிழாக்கி, ஒரு பெரியவரிடம் படித்துக்காட்டி, பேனாவை நீட்டினேன். அவர் வாங்கவில்லை. “கையெழுத்துப் போட்டுத்தானம்மா இங்க வந்து சேர்ந்தோம்” என்றார். இந்தியக் குடியுரிமை விண்ணப்பத் தாளில் என்ன எழுதியிருக்கிறது என்று தெரியாமலே தோட்டத்துச் சங்கத் தலைவர் சொன்னார், பக்கத்துக் காம்பராக்காரர் போட்டார் என்று கைநாட்டு வைத்த கதை எனக்குப் பல வீடுகளில் கிடைத்திருக்கிறது. அதற்குப் பிறகு நான் யாரிடமும் பேனாவை நீட்டவில்லை.

நெறிமுறைக் குழுவிடம் வாய்மொழி ஒப்புதலுக்கு முன்னதாகவே அனுமதி கேளுங்கள். காரணத்தை எழுதிக் கொடுத்தால் பெரும்பாலும் ஒத்துக்கொள்வார்கள். பதிவின் தொடக்கத்தில் எளிய பேச்சில் நான்கு விஷயங்களைச் சொல்லிவிடுங்கள்: நான் அரசாங்க ஆள் இல்லை. இதனால் பட்டாவோ வீடோ கடனோ வராது. பெயரை மாற்றித்தான் எழுதுவேன். பிடிக்காவிட்டால் இப்போதும் நிறுத்தலாம், பத்து நாள் கழித்துக் கூப்பிட்டு அழிக்கச் சொன்னாலும் அழிப்பேன். இரண்டாவதைத்தான் அழுத்திச் சொல்ல வேண்டும். கூடலூரில் ஜென்மி (பரம்பரை நிலப்பிரபு) நில ஒழிப்புச் சட்டம் 1969இல் வந்தது. அதன் 17ஆம் பிரிவில் சிக்கிய நிலத்தில் பட்டா இல்லாமல் குடியிருக்கும் குடும்பங்கள் ஏராளம். ‘செக்சன் 17’ என்பது அங்கே குழந்தைக்கும் தெரிந்த வார்த்தை. நோட்டுப் புத்தகத்தோடு வரும் யாரையும் அவர்கள் நிலத்தோடு சேர்த்துத்தான் பார்ப்பார்கள்.

குடும்ப அட்டையைத் தொடும் முன்

இது ரேஷன் அட்டை இல்லை, தாயகம் திரும்பும்போது குடும்பத்துக்குக் கொடுத்த அட்டை. பேச்சு கொஞ்சம் இளகியதும் அவர்களே எடுத்துக் காட்டுவார்கள். நீங்களாகக் கேட்காதீர்கள். மடிப்பில் கிழிந்திருக்கும், சிலர் லேமினேட் செய்து வைத்திருப்பார்கள். வீட்டைவிட்டு எடுத்துப் போகாதீர்கள், ஜெராக்ஸ் கடைக்குக்கூட வேண்டாம். வாசலோரம் வைத்து, பக்கவாட்டு வெளிச்சத்தில், போனில் படம் எடுத்தால் போதும். லேமினேட் செய்தது என்றால் கொஞ்சம் சாய்த்துப் பிடித்தால் பளபளப்பு விழாது. எண்களையும் முகங்களையும் மறைத்த இன்னொரு பிரதியை அன்றிரவே செய்துவிடுங்கள்.

அட்டையில் இருப்பதை அப்படியே உண்மை என்று எடுத்துக்கொள்வது அடுத்த தவறு. நான் பார்த்த ஓர் அட்டையில் அக்காவுக்கும் தங்கைக்கும் நான்கு மாதம்தான் வித்தியாசம். கேட்டால் வீட்டில் எல்லாரும் சிரித்தார்கள். கப்பலுக்கு முன்னால் வயதைக் கூட்டிக் குறைத்ததில் நடந்த குளறுபடி. சொந்த ஊர் என்ற இடத்தில் ஒரு கிராமத்தின் பெயர் இருக்கும். திருச்சிப் பக்கமோ, புதுக்கோட்டைப் பக்கமோ, சேலமோ. பாட்டனார் எப்போதோ சொன்ன பெயர் அது. அங்கே போய் இறங்கி, சொந்தம் என்று சொல்லிக்கொள்ள யாரும் இல்லாமல், மறுவாழ்வுக்குக் கொடுத்த வியாபாரக் கடனும் கரைந்து, அப்புறம் தேயிலை இருக்கிறது என்று கேள்விப்பட்டு மலையேறியவர்கள் நிறைய. அட்டையில் அந்த அலைச்சல் இருக்காது. இறங்கிய இடத்துக்கும் இப்போது இருக்கும் இடத்துக்கும் நடுவே எத்தனை ஊர் என்று கேளுங்கள்.

வருடம் கேட்டால் யாருக்கும் நினைவிருக்காது. சம்பவத்தைப் பிடித்துக் கேளுங்கள். தனுஷ்கோடி புயலுக்கு முன்னாலா பின்னாலா? அது 1964 டிசம்பர். அங்கே மரவள்ளி தின்ற பஞ்ச காலமா? 1973, 74. எழுபத்தேழு கலவரமா? இங்கே எம்.ஜி.ஆர். ஆட்சியா? எம்.ஜி.ஆர். பெயரைச் சொன்னாலே முகம் மலரும். அவர் கண்டிப் பக்கம் நாவலப்பிட்டியில் பிறந்தவர், “நம்ம ஊர்க்காரர்”. ராமானுஜம் கப்பலில் வந்தேன் என்பவரிடம் கப்பல் ஏறும் முன் வந்த ரயிலைப் பற்றியும் கேளுங்கள். மலைநாட்டில் ரயிலுக்குக் கோச்சி என்று பெயர். பிரிந்து போகிறவர்களும் வழியனுப்ப வந்தவர்களும் ஸ்டேஷனுக்கு ஸ்டேஷன் அழுததால் அதை ‘ஒப்பாரிக் கோச்சி’ என்றார்கள். இந்த இடத்தில் பேச்சு நின்றுபோனால் நீங்களும் சும்மா இருங்கள். தண்ணீர் வேண்டுமா என்று கேட்டு அந்த அமைதியைக் கெடுக்காதீர்கள்.

எழுத்தாக்கும்போது

ஒலிப்பதிவை எழுத்தாக்கும் வேலையைக் காசு கொடுத்து வெளியே விடாதீர்கள். நேரமில்லை என்று நான் ஒருமுறை தோழியிடம் கொடுத்தேன். “எனக்கு அரைப்பேரு போட்டுட்டாரு” என்று பாட்டி சொன்னது ‘என் பெயரில் பாதியைத்தான் எழுதினார்’ என்று ஆங்கிலத்தில் வந்து நின்றது. பேர் என்றால் ஒரு நாள் சம்பளம். எடை குறைந்த அன்றைக்குப் பாதிச் சம்பளம்தான் விழும், அதுதான் அரைப்பேர். ‘மேக்கணக்கு’ என்பது ஏதோ வரவுசெலவுக் கணக்காகிவிட்டது. அது தோட்டத்தின் மேல்பிரிவு. கவ்வாத்து (தேயிலைச் செடி வெட்டுவது), கொந்தரப்பு (ஒப்பந்த வேலை), பிள்ளைக்காம்பரா (குழந்தைகள் காப்பகம்), பெரட்டு எல்லாவற்றுக்கும் தனிச் சொற்பட்டியல் வைத்துக்கொள்ளுங்கள். தோட்டங்களின் பெயரிலும் கவனம் வேண்டும். துரைமார் வைத்த பெயர் ஒன்று, சனங்கள் கூப்பிட்ட பெயர் வேறு. இரண்டையும் குறியுங்கள். இலங்கைப் பழைய இதழ்களிலும் மலர்களிலும் சரிபார்க்க ‘நூலகம்’ இணையதளம் பெரிய உதவி.

இனம் என்ற சொல்லில்தான் எனக்கு நிறையத் தலைவலி. ஆங்கிலத்தில் இரண்டு மூன்று சொற்களுக்கு நாம் இந்த ஒன்றையே போடுகிறோம். இலங்கையில் 1911 மக்கள்தொகைக் கணக்கெடுப்பிலேயே இலங்கைத் தமிழர், இந்தியத் தமிழர் என்று தனித்தனியாக எண்ணினார்கள். அங்கே இவர்கள் இந்தியர், யாழ்ப்பாணத்தார் சிலர் வாயில் தோட்டக்காட்டான். கடல் தாண்டி இங்கே வந்ததும் சிலோன்காரன், அல்லது அகதி. மொழி அதுவே, மாரியம்மனும் அதே மாரியம்மன். அதனால் வெளிநாட்டு இனவெறி ஆய்வுகளின் சட்டகத்தை எடுத்து அப்படியே இதன்மேல் மாட்டினால் நிற்காது. கூடவே சாதியும் இருக்கிறது. இவர்களில் கணிசமானோர் பட்டியல் சாதியினர். அதை நேரடியாகக் கேட்டால் மறுபடி தாசில்தார் ஆபீஸ் வந்துவிடும், கேட்காமலே விட்டால் ஆய்வில் ஓட்டை விழும். நான் கல்யாணங்களைப் பற்றிக் கேட்பேன். பெண் எங்கே எடுத்தார்கள், யார் வரவில்லை, ஏன் வரவில்லை. தானாக வந்துவிடும்.

இன்னொன்று, எங்கள் ஆட்களே விரும்பாத விஷயம். டான்டீக்காக வெட்டிய காட்டில் முன்பே நடமாடியவர்கள் இருந்தார்கள். பணியர், காட்டுநாயக்கர், முள்ளுக்குறும்பர். தாயகம் திரும்பியோரின் துயரத்தை மட்டும் எழுதிவிட்டு வந்தால் அது பாதிக் கதை. பக்கத்துப் பாடிக்கும் (பழங்குடிக் குடியிருப்பு) நடந்து போய் அவர்களுக்கு இந்தத் தேயிலை எப்படி வந்து சேர்ந்தது என்று கேளுங்கள். என் ஆய்வேட்டில் அந்த அத்தியாயம் மெலிந்துதான் இருக்கிறது. யாராவது நன்றாகச் செய்தால் சந்தோஷப்படுவேன்.

என்னைப் போல உள்ளாளாக இருந்தால் வேறு தொல்லை. “ஒனக்குத் தெரியாததா?” என்று பாதியில் நிறுத்திவிடுவார்கள். தெரியாது என்று நடித்தால் கண்டுபிடித்துவிடுவார்கள். “எங்க அப்பாயி தோட்டத்துல இப்படி, உங்க தோட்டத்துல எப்படி?” என்று கேட்டால் ஒப்பிட்டுச் சொல்லத் தொடங்குவார்கள்.

திருப்பிக் கொடுப்பது

பணம் கொடுக்காதீர்கள். வெற்றிலையோ பிஸ்கட்டோ போதும். ஆனால் எழுத்தாக்கியதைப் பெரிய எழுத்தில் அச்சிட்டு எடுத்துப் போய், உட்கார்ந்து உரக்கப் படித்துக்காட்டுங்கள். இதற்கு ஒரு முழு நாள் ஒதுக்குங்கள், ஆய்வு முடிந்த அவசரத்தில் எல்லாரும் விட்டுவிடுவது இதைத்தான். அவர்கள் எடுத்துவிடச் சொல்லும் வரிகளை அங்கேயே அடித்துவிடுங்கள். எவ்வளவு அருமையான வரியாக இருந்தாலும் சரி.

பீலிக்கரைப் பாட்டியிடம் பதினெட்டுப் பக்கம் படித்தேன். சண்டை, கோச்சி, மண்டபம் எல்லாவற்றுக்கும் தலையாட்டிக்கொண்டே வந்தவர், ஓரிடத்தில் கையைக் காட்டி நிறுத்தினார். கோயில் மேக்கணக்கில் இல்லையாம், கீழ்க்கணக்கில்தானாம். மேக்கணக்குச் சனம் இறங்கி வந்துதான் கும்பிடுமாம். “நாந்தான் மாத்திச் சொல்லிட்டேன்” என்றார். பேனாவை எடுத்து அங்கேயே திருத்தினேன். சரியாகத் திருத்தினேனா என்று பேரனை விட்டு ஒருமுறை படிக்கச் சொல்லிக் கேட்டுக்கொண்டார்.